பதினோராவது கை

எங்கள் கல்லூரி ஆசிரியர் பேரவைக் கூட்டங்களில் நான் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. கைகளை மட்டுமே பார்ப்பேன். பதினைந்து வருஷத்தில் கற்றுக்கொண்ட பாடம் அது. ஓட்டெடுப்பு நடக்கும்போது ஒரு பேராசிரியரின் முகத்தைத் தெரியாத்தனமாகப் பார்த்துவிட்டால் போதும்; மறுநாள் காலை என் மேசைக்கு வந்து, தான் ஏன் அப்படிக் கை தூக்க நேர்ந்தது என்று அரை மணி நேரம் விளக்கிவிட்டுத்தான் போவார். கைகள் அப்படித் தொல்லை கொடுப்பதில்லை. எண்ணினோமா, எழுதினோமா, வீட்டுக்குப் போனோமா என்று இருக்கலாம்.

அந்தப் பேரவைக்கு நான் கிளார்க். யார் முன்மொழிந்தார், யார் வழிமொழிந்தார், எத்தனை பேர் ஆதரவு, எத்தனை பேர் எதிர்ப்பு என்று கூட்டக் குறிப்பு எழுதுவது என் வேலை. பதினைந்து வருஷத்தில் என் குறிப்பில் ஒரு திருத்தம்கூட வந்ததில்லை. வாய்விட்டுச் சொன்னால் கண் பட்டுவிடும் என்று இதை யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் மனசுக்குள் கொஞ்சம் கர்வம் இருக்கத்தான் செய்தது.

பேரவையில் தலைவரைத் தவிர இருபத்தொரு உறுப்பினர்கள். எல்லோரும் நிரந்தர ஆசிரியர்கள். நீள மேசையைச் சுற்றி உட்காருவார்கள். அவர்களுக்குப் பின்னால், சுவரை ஒட்டி, இரண்டு பெஞ்சுகள். அவை தற்காலிக ஆசிரியர்களுக்கு. அவர்கள் வரலாம், கேட்கலாம், மிஞ்சினால் டீ குடிக்கலாம். ஓட்டு கிடையாது. தலைவர் அனுமதித்தால் பேசலாம். தலைவர் அனுமதித்து நான் பார்த்ததில்லை. அதனால் அவர்கள் விடைத்தாள் கட்டை மடியில் வைத்துத் திருத்திக்கொண்டே உட்கார்ந்திருப்பார்கள்.

அந்தப் பெஞ்சில் ஆறு வருஷமாக உட்கார்ந்திருப்பவர் என் அண்ணி. புள்ளியியல் பாடம் எடுப்பவர். வகுப்பில் அவர் குரல் மூன்றாவது வராந்தா வரைக்கும் கேட்கும். சீட்டுக்கட்டு, சோளமுத்து, செருப்பு அளவு என்று கையில் கிடைத்ததை வைத்துப் பாடம் நடத்துவார். கணக்கு என்றாலே காய்ச்சல் வரும் பிள்ளைகள்கூட அவர் வகுப்பில் முதல் வரிசைக்குச் சண்டை போடுவார்கள். அதே அண்ணி பேரவைக்குள் வந்தால் இருமலைக்கூடக் கைக்குட்டைக்குள் இருமுவார். ஒவ்வொரு வருஷமும் ஒப்பந்தம் முடியும். நாற்பது நாள் சம்பளம் இல்லாமல் வீட்டில் இருப்பார். பிறகு 'மறு உத்தரவு வரும்வரை' என்று ஒரு தாள் வரும். அந்த நாற்பது நாளும் தபால்காரர் சைக்கிள் சத்தம் கேட்டால் அடுப்பை அணைக்காமல் வாசலுக்கு ஓடுவார்.

இதற்கெல்லாம் ஒரு வழி இருக்கிறது என்று கண்டுபிடித்தவள் நான்தான். பழைய விதிப் புத்தகத்தின் பக்கங்கள் உதிர்கின்றன, புதிதாகத் தட்டச்சு செய் என்றார்கள். செய்துகொண்டே வந்தபோது கற்பித்தல் விருது பற்றிய விதிகளின் கடைசியில் ஒரு வரி கண்ணில் பட்டது. 'விருது பெறுபவர் தற்காலிக ஆசிரியராக இருப்பின் அவர் பணி நிரந்தரமாக்கப்படும்.' எந்தப் புண்ணியவான் எழுதியதோ! இதுவரை ஒரு தற்காலிக ஆசிரியர்கூட விருதுக்கு விண்ணப்பித்ததில்லை என்பதால் யாருக்கும் அது ஞாபகமில்லை.

வீட்டுக்கு வந்து அண்ணியிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. தாளைக் காட்டினேன். நான்கு தடவை படித்தார். மறு வாரமே அவர் மாணவர்கள் பரிந்துரைக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக் குவித்துவிட்டார்கள். நாற்பது கேட்டால் நூற்றுப் பன்னிரண்டு வந்தது.

சேதி இயற்பியல் பேராசிரியர் காதுக்கும் போனது. அவருக்கு எங்கள் அலுவலகத்தில் பெயர் கோப்பை. கற்பித்தல் விருதை மூன்று தடவை வாங்கியவர். மூன்று கோப்பைகளையும் மேசைமேல் வரிசையாக வைத்து, ஒன்றில் பேனா, ஒன்றில் குண்டூசி, மூன்றாவதில் மூக்குப்பொடி வைத்திருப்பார். நாலாவதில் என்ன வைப்பார் என்று பியூன்கள் பந்தயம் கட்டியிருந்தார்கள்.

அடுத்த கூட்டத்துக்கு அவர் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பத்து வருஷம் நிரந்தரப் பணியில் இருப்பவர்கள் மட்டுமே விருதுக்குத் தகுதி உடையவர்கள்.

"யார் மேலயும் எனக்கு வருத்தம் கிடையாது. விருதோட மதிப்புன்னு ஒண்ணு இருக்கில்ல? நேத்து வந்தவங்க, நாளைக்குப் போறவங்க கையில அதைக் குடுத்துட்டா அப்புறம் அதை யார் மதிப்பாங்க?" என்றார் கோப்பை.

தலைவர் தலையாட்டினார். எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார். அவருக்குப் பெயர் சமாதானம். எந்தப் பக்கமும் கோபப்படாமல் கூட்டம் ஐந்து மணிக்கு முடிய வேண்டும் என்பது அவருடைய ஒரே கொள்கை.

சிலர் ஆதரித்தார்கள், சிலர் எதிர்த்தார்கள். மணி நாலே முக்கால் ஆனதும் சமாதானம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, ஓட்டுக்கு விட்டுடலாம். ஆதரிக்கிறவங்க கை தூக்குங்க."

கைகள் எழுந்தன. வழக்கம்போல் முகத்தைப் பார்க்காமல் எண்ணினேன். பதினொன்று. "எதிர்க்கிறவங்க?" பத்து. பதினொன்றும் பத்தும் இருபத்தொன்று. உறுப்பினர்களும் இருபத்தொன்று. கணக்கு கச்சிதம். தீர்மானம் நிறைவேறியது என்று எழுதி அடிக்கோடும் போட்டேன். ஓட்டு சமமாக வந்தால் பழைய விதியே நிற்கும் என்பது பேரவையின் வழக்கம். ஒரே ஒரு கை குறைந்திருந்தால் போதும், அண்ணி பிழைத்திருப்பார். ஒரு கை! அதை நினைத்தபோது பேனா கனத்தது.

வீட்டுக்கு நாங்கள் ஒரே பஸ்ஸில்தான் வருவோம்.  அன்று வந்ததும் அண்ணி வெங்காயத்தை எடுத்து நறுக்க ஆரம்பித்தார். அழுவதற்கு ஒரு சாக்கு என்று எனக்குத் தெரியும். நான் பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பைச் சுத்தப் பிரதி எடுக்கத் தொடங்கினேன். அண்ணன் ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தான். அவன் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவன். எனக்கு நாற்பத்திரண்டு வயதாகியும் அவனுக்கு நான் பாப்பா. கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து அண்ணிக்கும் அப்படியே.

"என்ன டீச்சரம்மா, வெங்காயம் உங்கள அழ வைக்குதா, நீங்க வெங்காயத்த அழ வைக்கிறீங்களா?" என்றான் அண்ணன்.

"போங்க அந்தப் பக்கம்" என்றார் அண்ணி. பிறகு கத்தியைக் கீழே வைத்தார். "ஆறு வருஷத்துல இன்னிக்குத்தாங்க மொத தடவையா பேசலாம்னு நினைச்சேன். நேத்து வந்தவங்களாம், நாளைக்குப் போறவங்களாம்! எனக்கு உடம்பே பத்திக்கிச்சு. கை தூக்கினேன். அந்த மனுஷன் என்னைத் திரும்பிக்கூடப் பாக்கல."

என் பேனா நின்றது.

"எப்போ தூக்கினீங்க அண்ணி?"

"எல்லாரும் பேசி முடிச்சப்புறம். அவர் கடிகாரத்தைப் பாத்தாரில்ல, அப்போ."

"அவர் என்ன சொல்லிக்கிட்டிருந்தார்?"

"யாருக்கு ஞாபகம்? என் காதுல ரத்தம் கொதிக்கிற சத்தம்தான் கேட்டுது. சுத்தி நிறைய பேர் கை தூக்கினாங்க. அட, நமக்கு முன்னாடி இத்தனை பேர் பேச நிக்கிறாங்களேன்னு நினைச்சுக்கிட்டேன். அப்புறம் எல்லாரும் இறக்கினாங்க, நானும் இறக்கிட்டேன்."

நான் பையிலிருந்து வருகைப் பதிவேட்டை எடுத்தேன். கையெழுத்துகளை விரலால் எண்ணினேன். இருபது. மறுபடியும் எண்ணினேன். இருபதுதான். புவியியல் பேராசிரியர் பல்வலி என்று மத்தியானமே மருத்துவரிடம் போயிருந்தார். இருபது பேர் உட்கார்ந்த மேசையில் இருபத்தொரு கைகளை எண்ணியிருக்கிறேன். தப்புக் கணக்கு சரியான கூட்டுத்தொகையில் வந்து நின்றதால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. என் மேசையிலிருந்து பார்த்தால் இடப்பக்கத்து நாற்காலிகளுக்கு நேர் பின்னால் பெஞ்சு. முகத்தைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

"அண்ணி" என்றேன். "உங்க கையை நான் எண்ணிட்டேன்."

"எங்கே எண்ணினே?"

"ஆதரவுல."

அண்ணி என்னைப் பார்த்தார். கண்ணில் வெங்காயக் கண்ணீர் அப்படியே நின்றது. "அப்படின்னா…"

"அப்படின்னா உங்களுக்கு எதிரான தீர்மானம் உங்க ஓட்டாலதான் ஜெயிச்சிருக்கு."

 அண்ணன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டான். தோள் குலுங்கியது.

"சிரிக்காதீங்க!"

"சிரிக்கல, சிரிக்கல. ஊர்ல அவனவன் எதிரியை வலை போட்டுத் தேடுறான். உனக்கு மட்டும் தோள்லயே தொங்கிக்கிட்டு வந்திருக்கு, பாரு."

அண்ணி வெங்காயத் தோலை அவன்மேல் வீசினார். பிறகு அவருக்கும் சிரிப்பு வந்தது. சிரிப்பு அடங்கியதும் பயம் வந்தது. ஓட்டுரிமை இல்லாதவர் ஓட்டுப் போட்டால் அது ஒழுங்கு மீறல். மெமோ கொடுப்பார்கள். மெமோ வாங்கிய தற்காலிக ஆசிரியருக்கு மறு உத்தரவு வராது.

"நீ யார்கிட்டயும் சொல்லக் கூடாது பாப்பா. விருதும் வேணாம், ஒண்ணும் வேணாம். இருக்கிறதையாவது காப்பாத்திக்கறேன். புள்ளியியல் டீச்சர் தனக்கு எதிரா தானே ஓட்டுப் போட்டாளாம்னு பசங்களுக்குத் தெரிஞ்சா அப்புறம் நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நிகழ்தகவு எடுக்கறது?"

மறுநாள் நான் சமாதானத்தின் அறைக்குப் போனேன். அண்ணி பெயரைச் சொல்லக் கூடாது என்றால் சொல்லாமலே சொல்லிப் பார்ப்போம் என்று துணிந்து போனேன்.

"சார், வந்தது இருபது பேர். கை இருபத்தொண்ணு."

அவர் விரலால் மேசையில் கணக்குப் போட்டார். "பதினொண்ணு, பத்து. இருபத்தொண்ணு. சரியாத்தானேம்மா இருக்கு? பேரவையே இருபத்தொரு பேர்தானே?"

"புவியியல் சார் வரல சார்."

"வந்துட்டுக் கையெழுத்துப் போட மறந்திருப்பாரு."

"பல் டாக்டர்கிட்ட போயிருந்தார் சார். இன்னிக்கு வந்திருக்கார். கன்னம் இட்லிப்பானை மூடி மாதிரி வீங்கியிருக்கு."

சமாதானத்தின் முகம் வாடியது. "அப்ப அது யாரோட கை?"

நான் கூரை விசிறியைப் பார்த்தேன். அவர் நாற்காலியில் சாய்ந்தார். "பாரும்மா. கை யாரோடதுன்னு தெரியாம குறிப்பை மாத்த முடியாது. அடுத்த வாரம் கூட்டத்துல குறிப்பை உறுதி செய்யும்போது யாராவது கேட்டா பாத்துக்கலாம். யாரும் கேக்கலைன்னா… கடவுள் விட்ட வழி." உறுதி செய்துவிட்டால் அப்புறம் ஒரு புள்ளியைக்கூட மாற்ற முடியாது என்பது இருவருக்கும் தெரியும். விருதுக்கு விண்ணப்பம் வாங்குவதும் அந்தக் கூட்டத்துக்கு மறுநாளோடு முடிகிறது.

அந்த வாரம் எங்கள் வீட்டில் யாருக்கும் சாப்பாடு சரியாக இறங்கவில்லை. நான் அண்ணியை வற்புறுத்தவில்லை. எண்ணியது என் தப்பு. மெமோ வாங்கப் போவது அவர். எந்த வாயால் போய்ப் பேசு என்று சொல்வது? அண்ணன்தான் ஒரு காலையில், குளியலறைக் கதவைத் தட்டிக்கொண்டே சொன்னான்.

"டீச்சரம்மா, எங்க கடைக்கு வர்றவன் எழுத்து மங்கலா தெரியுதுன்னு வாயத் திறந்து சொன்னாத்தான் நான் லென்ஸ் தேய்க்க முடியும். எல்லாம் நல்லாத்தான் தெரியுதுன்னு சொல்லிட்டுப் போறவன் நேரா போய் கம்பத்துல முட்டிக்குவான்."

"மெமோ குடுத்தா?" என்றது உள்ளேயிருந்து குரல்.

"குடுக்கட்டும். நாற்பது நாள் சும்மா இருந்தவங்களுக்கு நானூறு நாள் இருக்கத் தெரியாதா? மொதல்ல வெளிய வா, கடைக்கு நேரமாச்சு."

கதவு உடனே திறக்கவில்லை. திறந்தபோது அண்ணியின் முகத்தில் ஒரு முடிவு இருந்தது. என்ன முடிவு என்று சொல்லவில்லை.

கூட்டம் கூடியது. இருபத்தொரு பேரும் வந்திருந்தார்கள். புவியியல் பேராசிரியர் கன்னத்தில் கைக்குட்டை வைத்துக்கொண்டு கோப்பைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். இருவரும் தினமும் சேர்ந்து நடைப்பயிற்சி போகிறவர்கள். முதல் வேலை, போன கூட்டக் குறிப்பை உறுதி செய்வது. நான் படித்தேன். பதினொன்று, பத்து என்று வந்த இடத்தில் என் குரல் தடுக்கியது.

"சரி, உறுதி செய்ய ஆதரிக்கிறவங்க கை…" என்று ஆரம்பித்தார் சமாதானம்.

பின்பெஞ்சில் விடைத்தாள் கட்டு ஒன்று தடாலென்று விழுந்தது. அண்ணி எழுந்து நின்றிருந்தார். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தார்.

"தலைவர் மன்னிக்கணும். நான் எழுந்துதான் நிக்கிறேன், கை தூக்கல. தயவுசெஞ்சு யாரும் எண்ணிடாதீங்க."

சிலர் சிரித்தார்கள். எதற்கு என்று அவர்களுக்கே தெரியாது. அண்ணி சொன்னார். பேச அனுமதி கேட்டுக் கை தூக்கியதையும், அது ஆதரவில் போய்ச் சேர்ந்ததையும் ஒளிக்காமல் சொன்னார். முதல் வாக்கியத்தில் குரல் நடுங்கியது. இரண்டாவதில் பழைய வராந்தாக் குரல் வந்துவிட்டது.

கோப்பை நாற்காலியைத் திருப்பினார். "ரொம்ப சந்தோஷம். தீர்மானத்தால பாதிக்கப்படறவங்களே ஆதரிச்சிருக்காங்கன்னா அதைவிட என்ன வேணும்? நன்றிம்மா!"

மேசையைச் சுற்றி ஒரே சிரிப்பு. அண்ணியின் காது சிவந்தது.

"சார், ஒரு சந்தேகம்" என்றார். "உங்க வகுப்புல ஒரு பையன் கை தூக்கினா நீங்க என்ன நினைப்பீங்க?"

"என்ன நினைக்கிறது? பாத்ரூம் போகணும்னு நினைப்பேன்."

"நான் ஏதோ கேக்க வர்றான்னு நினைப்பேன் சார். விருது யாருக்குக் குடுக்கலாம்னு நீங்க எல்லாரும் ரெண்டு மணி நேரம் பேசினீங்களே, இதையும் கொஞ்சம் யோசிங்க."

இந்த முறை சிரிப்பு வேறு பக்கமிருந்து வந்தது. புவியியல் பேராசிரியர் சிரித்துவிட்டு வலி தாங்காமல் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்.

அப்போது வேதியியல் பேராசிரியை எழுந்தார்.  அவர் பெயர் ஆட்சேபணை. விதிப் புத்தகம் முழுவதும் அவருக்கு மனப்பாடம். டீயில் சர்க்கரை கூடினாலும் விதி எண் சொல்லித்தான் கண்டிப்பார்.

"ஆட்சேபணை" என்றார். "ஓட்டுரிமை இல்லாதவர், தலைவர் அனுமதி இல்லாம பேசியிருக்கார். அவர் பேசினது எதுவும் குறிப்புல ஏறக் கூடாது."

"நியாயம்" என்றார் சமாதானம், ஆறுதலோடு. "அப்ப பேசினதே இல்லைன்னு ஆகுது. உட்காரும்மா. குறிப்பை உள்ளபடியே உறுதி செஞ்சிடலாம். ஆதரிக்கிறவங்க…"

அண்ணி மெல்ல உட்கார்ந்தார். அவர் வாய் ஏதோ முணுமுணுத்தது. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். கூட்டத்தில் பதினைந்து வருஷத்தில் முதல் தடவையாக ஒரு முகத்தைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. பார்த்தால் சும்மா இருக்க முடியாது என்பதால்தானே பார்ப்பதில்லை?

என் நாற்காலி கிரீச்சிட்டது. நான் நின்றுகொண்டிருந்தேன்.

"குறிப்பு என்னோடது சார். அதுல தப்பு இருக்கு. நான்தான் எண்ணினேன், நான்தான் தப்பா எண்ணினேன்."

கிளார்க் பேசி யாரும் கேட்டதில்லை. சுவர்க்கடிகாரம் பேசியதுபோல் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"வருகைப் பதிவேட்டுல இருபது கையெழுத்து. நான் எழுதினது இருபத்தொரு கை."

"அந்த அதிகப்படியான கை யாரோடது?" என்றார் கோப்பை. "உங்க அண்ணியோடதா? குடும்பமே சேர்ந்து நாடகம் போடறீங்களா?"

நான் பதிவேட்டைத் தூக்கிக் காட்டினேன்.  "யாரோடதா வேணா இருக்கட்டும் சார். இருபது பேர் ஆளுக்கு ஒரு கை தூக்கினா இருபத்தொண்ணு வராது. புவியியல் சார் அன்னிக்கு எங்க இருந்தார்னு அவரையே கேளுங்க."

எல்லோரும் புவியியல் பேராசிரியரைப் பார்த்தார்கள். அவர் நண்பரைப் பார்த்தார். தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். "நான் நாற்காலியில மல்லாந்து கிடந்தேன். வாயில ரெண்டு இடுக்கி" என்றார். பொய் சொல்ல நினைத்திருந்தாலும் அந்த வீக்கம் விட்டிருக்காது.

ஆட்சேபணை மறுபடியும் எழுந்தார். "வந்தவங்க எண்ணிக்கையைவிட ஓட்டு அதிகம்னா அந்த ஓட்டெடுப்பே செல்லாது. விதி பதினாலு. பழைய விதி நிக்குது."

"நல்லது, நல்லது!" கோப்பை மேசையைத் தட்டினார். "இப்பவே மறுபடியும் ஓட்டெடுப்போம். இன்னிக்கு இருபத்தொரு பேரும் இருக்கோம்." அவர் பார்வை புவியியல் பக்கம் போனது. அவருடைய கணக்கு எல்லோருக்கும் புரிந்தது. போன தடவை உண்மையில் பத்துக்குப் பத்து. நடைப்பயிற்சி நண்பர் சேர்ந்தால் நியாயமாகவே பதினொன்று. அண்ணி கண்ணை மூடிக்கொண்டார்.

"ஆட்சேபணை."

"இதுக்கும் ஆட்சேபணையா?"

"ஒரு தீர்மானத்தைப் புதுசா கொண்டுவரணும்னா பதினாலு நாள் முன்னாடி எழுத்துல தரணும். விதி ஒன்பது."

"நாளைக்கு விண்ணப்பம் முடியுது மேடம்!"

"அது விதியோட தப்பு இல்ல."

"அப்ப அவங்க ஓட்டுப் போட்டாங்களே, அதுக்கு நடவடிக்கை? அவங்க வாயாலயே ஒத்துக்கிட்டாங்க!"

"யார் ஒத்துக்கிட்டாங்க?" ஆட்சேபணை மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவங்க பேசினதே குறிப்புல இல்ல. தலைவர் இப்பத்தானே சொன்னார், பேசினதே இல்லைன்னு ஆகுதுன்னு? பேசாத பேச்சுக்கு மெமோ தர விதி இருந்தா சொல்லுங்க, நானும் தெரிஞ்சுக்கறேன்."

கோப்பை அவர் பக்கம் திரும்பினார். "மேடம், நீங்க எந்தப் பக்கம்?"

"எந்தப் பக்கமா? போன வாரம் உங்க தீர்மானத்துக்கு மொதல்ல கை தூக்கினது யாருன்னு நினைக்கிறீங்க? நான்தான். அந்தத் தீர்மானம் நல்ல தீர்மானம். இன்னிக்கு அதைக் கொண்டுவர்ற வழி தப்பு. அது வேற, இது வேற."

சமாதானம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்துக்கு இரண்டு நிமிஷம். அவர் முகம் மலர்ந்தது. "சரி, அப்படியே எழுதிக்கோம்மா. எல்லாருக்கும் நன்றி."

நான் எழுதினேன். 'கிளார்க்கின் கவனக்குறைவால் ஓட்டு எண்ணிக்கையில் பிழை நேர்ந்தது. ஓட்டெடுப்பு செல்லாது.' பதினைந்து வருஷத்து முதல் திருத்தம். என் கையாலேயே எழுதி அடியில் கையெழுத்தும் போட்டேன். பல் பிடுங்கியதுபோல் இருந்தது. வலித்தது, அப்புறம் நாக்கு அந்த இடத்தைத் தடவித் தடவிப் பார்த்தது.

மறுநாள் மத்தியானம் அண்ணியின் விண்ணப்பம் உள்ளே போனது. நான் வாங்கவில்லை. கைராசி எப்படியோ என்று பக்கத்து மேசைக்காரரை வாங்கச் சொன்னேன்.

விருதுக் குழு வகுப்பைப் பார்க்க வந்தது. குழுவில் ஆட்சேபணையும் இருந்தார். அன்று அண்ணி நடத்தியது கணிப்புகளில் நேரும் பிழை பற்றி. ஒரு பை நிறையச் சட்டைப் பொத்தான்களைக் கொண்டுபோய், முழுதும் எண்ணாமல் எத்தனை இருக்கும் என்று கண்டுபிடிக்கச் சொன்னாராம். ஆட்சேபணை மூன்று இடத்தில் குறுக்கிட்டாராம். மூன்றாவது தடவை ஒரு மாணவி எழுந்து, "மேடம், இந்த வகுப்புல யார் வேணா பேசலாம், ஆனா மத்தவங்களையும் பேச விடணும்" என்றாளாம். ஆட்சேபணை அதைக் குறித்துக்கொண்டு பத்துக்குப் பத்து போட்டதாக அப்புறம் சேதி கசிந்தது.

இரண்டு மாதம் கழித்து உத்தரவு வந்தது. விருதும் வேலையும் ஒரே உறையில். தபால்காரர் வந்தபோது அண்ணி ஓடவில்லை, துணி அலசிக்கொண்டிருந்தார். அண்ணன்தான் பிரித்தான். படித்தான். எதுவும் பேசாமல் அவர் கையிலிருந்த ஈரத்துணியை வாங்கி, பிழிந்து, கொடியில் போட்டான். இன்னொன்றையும் வாங்கிப் பிழிந்தான். நாலாவது துணியில்தான் அண்ணிக்குப் புரிந்தது.

அந்த உத்தரவோடு இன்னொரு தாளும் இருந்தது. புதிதாக நிரந்தரமானவர், கற்பித்தல் விருது விதிகளைச் சீரமைக்கும் துணைக்குழுவில் மூன்று வருஷம் பணியாற்ற வேண்டும். குழுவுக்கு ஆள் கிடைக்காமல் சமாதானம் ஆறு மாதமாகத் தவித்துக்கொண்டிருந்தார். மற்ற உறுப்பினர்கள் இருவர்: ஆட்சேபணையும் கோப்பையும்.

"பாப்பா, இது விருதா, தண்டனையா?" என்று அண்ணி என்னைக் கேட்டார்.

"ரெண்டும் ஒரே உறையிலதானே வந்துது?"

அன்று சாயங்காலம் எழுபத்து நாலு பக்க விதிக் கோப்பு சமையலறை மேசைக்கு வந்தது. அண்ணி சிவப்புப் பேனாவைத் திறந்துகொண்டு உட்கார்ந்தார். முதல் பக்கத்திலேயே இரண்டு வட்டம், ஒரு கேள்விக்குறி. ஐந்தாம் பக்கத்தில் 'தெளிவில்லை, மறுபடி எழுதுக'. பத்தாம் பக்கத்தில் 'யாரைப் பார்த்து எழுதினாய்?'. அண்ணன் தோளுக்குப் பின்னால் நின்று படித்துச் சிரித்துக்கொண்டிருந்தான். கடைசிப் பக்கம் வந்ததும் அண்ணி பழக்கதோஷத்தில் கூட்டிப் பார்த்தார்.

"முப்பத்திரண்டு மார்க். பாஸ் போடலாமா?"

"மூணு மார்க்தானே குறையுது, கருணை மார்க் போட்டு விடும்மா. பாவம்" என்றான் அண்ணன்.

"கூடாது" என்றார் அண்ணி. "மறுபடியும் எழுதட்டும்." பேனாவை மூடிவிட்டு என் பக்கம் திரும்பினார். "பாப்பா, பதினாலு நாள் முன்னாடி எழுத்துல தரணும்னாங்களே, அது யார்கிட்ட தரணும்?"

"என்கிட்டதான்" என்றேன்.